தலைப்பட்டை, காற்றுக் குழாய், கால்பட்டை: தூக்கக் கருவிகள் குமரி மாவட்டத்து வீட்டில் தாங்குமா?

தூக்கக் கருவி விற்கிறவர்கள் இப்போது எல்லாப் பெட்டியிலும் ‘அடாப்டிவ்’ என்று அச்சிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கருவி உடம்பை அளக்கிறது, அளந்ததைப் பார்த்துத் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. ஆகவே வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதை அளக்கிறது? அளந்து எவ்வளவு நேரத்தில் பதில் தருகிறது? அளவில் சந்தேகம் வந்தால் என்ன செய்கிறது? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. நம் மாவட்டத்திலோ அதுதான் முதல் கேள்வி. இரண்டு பருவமழையின் ஈரம், நெற்றிவரை வழியும் தேங்காய் எண்ணெய், இரவு முழுக்கச் சுற்றும் மின்விசிறி, கடலோர உப்புக்காற்று, நினைத்தால் போகும் கரண்ட் என்று எல்லாம் சேர்ந்து முதலில் கெடுப்பது அளவியை, அதாவது சென்சாரைத்தான். அளவி கெட்ட பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும் கருவி, அளவியே இல்லாத கருவியைவிட மோசம்.

முதலில் ஒலித் தலைப்பட்டை. இணையத்தில் அதிகம் விளம்பரமாவது இதுதான். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் மின் அலை விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவாக, ஏறத்தாழ 0.8 ஹெர்ட்ஸில், மெல்ல ஏறி இறங்கும். அலை ஏறும் கணத்தில் ஒரு சின்ன ஒலியைக் கொடுத்தால் அடுத்த அலை பெரிதாகிறது. 2013இல் நியூரான் இதழில் இங்கோ, மார்டினெட்ஸ், போர்ன், மோல்லே ஆகியோர் வெளியிட்ட ஆய்வுதான் இந்தப் பட்டைகளுக்கெல்லாம் தாய். அவர்கள் கொடுத்தது 50 மில்லி விநாடி நீளமுள்ள இளஞ்சிவப்பு இரைச்சல் (‘பிங்க் நாய்ஸ்’, மழைபோன்ற சீரான இரைச்சல்), அளவு 55 டெசிபல். அலை மைனஸ் 80 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதைக் கண்டுபிடித்து, அது மேலேறும் நேரத்தைக் கணித்து ஒலி கொடுத்தார்கள். அந்த 80 என்ற எல்லையும் நிலையாக நிற்கவில்லை. அரை விநாடிக்கு ஒருமுறை, முந்தைய 5 விநாடியின் ஆழமான இறக்கத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. ‘அடாப்டிவ்’ என்பதற்கு இதுதான் நேர்மையான உதாரணம். ஆனால் அங்கே படுத்திருந்தவர்கள் 11 பேர், தலையில் பசை தடவிய மின்முனை, பக்கத்திலேயே ஆய்வாளர். வீட்டுப் பட்டையில் இந்த மூன்றுமே கிடையாது.

இங்கே எது கெடும் என்று பார்ப்போம்.

முதல் எதிரி வியர்வை. தோலில் வியர்வை ஊறும்போது மின்முனை காட்டும் அடிநிலை அளவு மெதுவாக அலையும். அந்த அலைவு பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும், வீச்சோ மூளை அலையைவிடப் பெரிது. எளிய நிரலுக்கு இது அசல் ஆழ்ந்த தூக்கம் போலவே தெரியும். புழுக்கமான ஏப்ரல் இரவில் நாகர்கோவிலில் ஒருவர் விழித்துப் புரண்டுகொண்டிருக்க, காலையில் ஆப் ‘மூன்று மணி நேரம் ஆழ்ந்த தூக்கம்’ என்று பாராட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மந்த அலைகளை வெட்டும் மின் வடிகட்டியை 0.5 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தி வியர்வையை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டலாம், அதற்கு விலை உண்டு. சாதாரண முதல்படி வடிகட்டியை 0.5இல் வைத்தால் 0.8 ஹெர்ட்ஸ் அலை 32 டிகிரி முன்னால் நகர்ந்துவிடும். நேரக்கணக்கில் ஏறக்குறைய 110 மில்லி விநாடி. அதை நிரலில் ஈடுகட்டாவிட்டால் ஒலி தப்பான இடத்தில் விழும். ஈடுகட்டியிருக்கிறார்களா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நேரம். 0.8 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 1250 மில்லி விநாடி. 100 மில்லி விநாடி தாமதம் என்றால் 29 டிகிரி பிழை. புளூடூத் காதுக்கருவி வழியாக ஒலி போனால் தாமதம் 100 முதல் 200 வரை எளிதாகப் போகும். தாமதம் ஒரே அளவாக இருந்தால்கூடக் கழித்துக்கொள்ளலாம். புளூடூத்தில் அது கணத்துக்குக் கணம் மாறுகிறது, அதைக் கழிக்க வழியில்லை. அதனால் ஒலி, கணிப்பு, அளவி மூன்றும் பட்டைக்குள்ளேயே இருக்கும் மாடலைத்தான் பார்க்க வேண்டும். போனில் கணக்குப் போட்டு போனிலிருந்தே ஒலி அனுப்பும் வகை வேண்டாம்.

மூன்றாவது நெற்றி. பசையுள்ள ஆய்வக மின்முனையில் தொடர்பு மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கும்படி பார்ப்பார்கள். உலர் மின்முனையில் அது பத்துக்கணக்கில், சில நேரம் நூற்றுக்கணக்கில் போகும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் இன்னும் ஏறும். தடை அதிகமாக இருப்பதைவிட இரண்டு மின்முனைக்கும் இடையே தடை வேறுபடுவதுதான் பெரிய தொல்லை. அந்த வேறுபாட்டின் வழியாகத்தான் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே புகுகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படுப்பதற்கு அரை மணி முன்பு நெற்றியையும் காதுக்குப் பின்னாலும் சாதாரண சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்து ஈரம் முழுக்கப் போனதும் பட்டையை மாட்ட வேண்டும். திருநீறு, சந்தனம், பவுடர் எதுவும் பட்டைக்கு அடியில் இருக்கக்கூடாது. காய்ந்த பொடி நல்ல மின்காப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பட்டைக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். துணிப்பகுதியை வாரம் இருமுறை அலச வேண்டும். ஆடிச் சாரலில் அது இரண்டு நாளானாலும் காயாது, ஆகவே மாற்றுத்துணி தருகிறார்களா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது வெளிச் சத்தம். தகரக் கூரையில் மழை பெய்யும்போது 55 டெசிபல் ஒலி யாருக்கும் கேட்காது. அப்போது நல்ல கருவி ஒலியை நிறுத்திவிடும். மோசமான கருவி மழையோடு போட்டி போட்டு ஒலியை ஏற்றும், தூங்குகிறவரை எழுப்பும். விழிப்புக்குக் கணக்கு இருக்கிறது: குறைந்தது 10 விநாடி நிலையான தூக்கத்துக்குப் பிறகு, மூளை அலையின் வேகம் திடீரென மாறி 3 விநாடியாவது நீடித்தால் அது ஒரு சிறுவிழிப்பு. இதைக் கண்டதும் ஒலியைக் குறைத்து, சில நிமிடம் சும்மா இருந்து, பிறகு தாழ்ந்த அளவில் தொடங்கும் பட்டையே வாங்கத் தகுந்தது.

வாங்கிய அன்றே செய்ய மூன்று சோதனை. ஒரு முழுத் தேங்காயை உரித்து, உப்புத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, அதன்மேல் பட்டையை மாட்டிப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். தொடர்பு நன்றாக இருக்கும், மூளை இருக்காது. தேங்காய் ஆழ்ந்து தூங்குகிறது என்று ஆப் சொன்னால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்தது, தலையில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழிப்போடு படுத்து, விழியை இடமும் வலமும் மெதுவாக உருட்ட வேண்டும். முன்நெற்றி மின்முனையில் கண்ணசைவு பெரிய மந்த அலையாக விழும். அதற்கு ஒலி வந்தால் கண்ணையும் மூளையையும் அந்தக் கருவியால் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக, கச்சாப் பதிவை, தூக்க ஆய்வகங்கள் படிக்கும் பொது வடிவமான இடிஎஃப் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எடுக்க முடியாவிட்டால் தூக்க மருத்துவரிடம் காட்ட உங்கள் கையில் வண்ணப்படம் மட்டும்தான் இருக்கும்.

இந்த வகையின் முன்னோடிகளான பிலிப்ஸ் ஸ்மார்ட்ஸ்லீப், பிரான்சின் ட்ரீம் இரண்டும் இன்று பொதுச் சந்தையில் இல்லை. பழைய பொருளாக எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். ஆப்புக்குப் பின்னால் சர்வர் இல்லாவிட்டால் அது வெறும் துணிப்பட்டை. சொந்தமாகச் செய்து பார்க்க நினைக்கும் பொறியியல் மாணவர்களுக்குப் பாதை திறந்தே இருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஏடிஎஸ் 1299 சிப் எட்டு தடம், 24 பிட். மின்முனை கழன்றதைக் கண்டுபிடிக்கும் வசதியும் உள்ளேயே உண்டு. இதை வைத்த ஓப்பன்பிசிஐ சைட்டன் பலகை விநாடிக்கு 250 மாதிரி எடுக்கும். இந்த வேலைக்கு அது தாராளம். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். சார்ஜரில் செருகியபடி தலையில் மாட்டும் பழக்கம் ஆபத்து. எர்த் சரியில்லாத வீட்டில் சொல்லவே வேண்டாம்.

தீர்ப்பு: தூக்கமின்மைக்கு இந்தப் பட்டை சிகிச்சை ஆகாது. அலை பெரிதாவது உண்மை. நினைவாற்றல் கூடுகிறதா என்பதில் பிந்தைய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவர்கள் சொல்வது சிபிடி-ஐ என்ற பழக்கவழக்கப் பயிற்சி. அதற்குக் கருவியே வேண்டாம். விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற குலசேகரம் பக்கத்துத் தொழிலாளிக்கும் இதையே சொல்ல வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் வருகிறது. மூன்று மணிக்கு எழ வேண்டியவர் எட்டு மணிக்குப் படுத்தால் அது தானாக வரும். பதினொரு மணிவரை சீரியல் பார்த்துவிட்டுப் பட்டை மாட்டினால் ஆழ்ந்த தூக்கம் அதிகமாகாது.

காதுமடலில் கிளிப் போட்டு மெல்லிய மின்சாரம் விடும் கருவிகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அளவி கிடையாது. விழித்திருந்தாலும் தூங்கினாலும் ஒரே மின்சாரம்தான் ஓடும். பெட்டியில் ‘அடாப்டிவ்’ என்று போட்டிருந்தால் அது பொய். தூக்கமின்மைக்கான சான்றும் பலவீனமானது.

இனி ஆட்டோ சிபேப், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின். ஒலி, மின் தூண்டல் கருவிகளோடு காற்றழுத்தத்தை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் தூக்கக் கருவிகளில் தினமும் பயன் தருவது இதுதான். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோய்க்கு, அடைப்பைத் திறந்து வைக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுக்கிறது. மணிக்கு 5 முறைக்கு மேல் மூச்சு நின்றாலோ குறைந்தாலோ நோய்; 15க்கு மேல் நடுத்தரம்; 30க்கு மேல் கடுமை. குறட்டையை மட்டும் வைத்து மெஷின் வாங்கக் கூடாது, ஸ்லீப் ஸ்டடி முதலில். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தில் தூக்கக் கோளாறுகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்கு அது மதுரையைவிட எவ்வளவோ கிட்டே.

ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்டை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை. மூச்சு நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றாது. விநாடிக்கு 4 முறை, 1 சென்டிமீட்டர் அளவில் சிறு காற்றலை அனுப்பித் தொண்டை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்க்கும். மூடியிருந்தால் ஏற்றும். திறந்திருந்தும் மூச்சு வரவில்லை என்றால் மூளையிடமிருந்து கட்டளை வரவில்லை, ஏற்றிப் பயனில்லை என்று விட்டுவிடும். சந்தேகம் வந்தால் என்ன செய்கிறது என்ற மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் கருவி இது.

ஆனால் வியாபாரி பெட்டியைப் பிரித்து 4–20 என்று அப்படியே விட்டுப் போனால் இதன் அறிவெல்லாம் வீண். நாலில் தொடங்கும்போது சிலருக்குக் காற்றுப் போதாமல் மூச்சு முட்டும், மாஸ்க்கைக் கழற்றி எறிவார்கள். நள்ளிரவில் மாஸ்க் ஒழுகினால் கணிப்பு தடுமாறி அழுத்தம் மேலே போகும். அழுத்தம் கூடக்கூட ஒழுக்கும் கூடும். இரண்டு வாரப் பதிவைப் பார்த்து, 95 சதவீத நேரம் போதுமாக இருந்த அழுத்தம் 9 என்றால், மருத்துவர் கீழெல்லையை 7க்கும் மேலெல்லையை 12க்கும் கொண்டுவருவார். இந்த இரண்டாவது சந்திப்பு விலையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள். பில்லில் இரண்டாயிரம் குறைத்துத் தருவதைவிட இது மதிப்பு.

ஒழுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மாஸ்க்கின் அளவு, மீசை, முகத்து எண்ணெய் என்ற வரிசையில் பாருங்கள். எண்ணெய் சிலிக்கானை வழுக்க வைக்கும், நாளடைவில் மெத்தென்று இருக்கும் விளிம்பைத் தளர்த்தும். தினமும் காலையில் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகி விறைக்கும்.

ஈரப்பதமூட்டி நம் ஊரில் அரைவாசிக் காலம் தேவையே இல்லை. மழைக்காலத்தில் ஏசி அறையில் அதை உயர்த்தி வைத்தால் குழாய்க்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகி, நள்ளிரவில் மூக்கில் சொட்டும். ஈரப்பத அளவை 2, 3க்கு இறக்கினால் நிற்கும். நிற்கவில்லையென்றால் சூடேற்றும் குழாய் வாங்க வேண்டும், அல்லது குழாயைப் போர்வைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் தட்டில் உப்பு வெள்ளையாகப் படியும். காற்று வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. கடலோரத்திலும் ஆரல்வாய்மொழிக் காற்றுப் பாதையிலும் அவ்வளவு நாள் தாங்காது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கரண்ட் விஷயம். இதன் அடாப்டர் 24 வோல்ட், 90 வாட். சராசரியாக அவ்வளவு இழுக்காது. சூடேற்றும் வேலைதான் பெரும் பங்கை உறிஞ்சுகிறது. கரண்ட் போகும் இரவில் ஈரப்பதமூட்டியையும் குழாய்ச் சூட்டையும் அணைத்தால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி, ஓர் இரவை எளிதாகக் கடத்தும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் அடாப்டர் சூடேறிக் கத்தும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர் வட்டார மீனவர்களுக்கு, படகு பேட்டரியை 24 வோல்ட்டாக மாற்றித் தரும் டிசி கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் வழியாகப் போய்ச் சக்தியை வீணாக்க வேண்டாம். படகில் கருவியின் காற்றுவாய் எஞ்சின் புகைப் பக்கம் திரும்பாமல் வைக்க வேண்டும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ஜூனில் பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் பல லட்சம் கருவிகளைத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை உதிர்ந்து, துகளும் ஆவியும் மூச்சுப்பாதைக்குள் போகலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் அந்த உதிர்வை வேகப்படுத்தும். அதாவது நம் வானிலையே அதற்குப் பகை. அந்தக் காலத்து கருவி கைமாறி வந்தால் சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓசோன் சுத்திகரிப்புப் பெட்டியும் வேண்டாம்; அதுவும் நுரையைத் தின்னும்.

இன்னொன்று, ஏஎஸ்வி என்ற வகை. ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தத்தை மாற்றும் அதிபுத்திசாலி. 2015இல் வெளியான சர்வ்-எச்எஃப் ஆய்வில், இதயத்தின் பம்பு சக்தி 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, மைய வகை (மூளையின் கட்டளை வராத) மூச்சு நிறுத்தம் மிகுந்த நோயாளிகளிடம் இது இதய மரணங்களைக் கூட்டியது. மூச்சுக் கணக்கு அழகாகச் சீரானது, ஆட்கள் இறந்தார்கள். எக்கோ பரிசோதனை இல்லாமல் இதை யாராவது பரிந்துரைத்தால் எழுந்து வந்துவிடலாம்.

மாஸ்க்கே ஆகாது என்பவர்களுக்கு நாக்கு நரம்புத் தூண்டல். இன்ஸ்பயர் என்ற பொருத்துக் கருவிக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2014இல் அனுமதி கொடுத்தது. மூச்சு இழுப்பதை அளவி கண்டதும் நாக்கை முன்னே தள்ளும் நரம்புக்கு மின்துடிப்பு போகும். ஸ்டார் ஆய்வில் 126 பேரின் மூச்சுத் தடை எண்ணிக்கையின் நடுமதிப்பு மணிக்கு 29.3இலிருந்து ஓராண்டில் 9.0 ஆகக் குறைந்தது. பொறியியலாகப் பார்த்தால் அருமை. ஆனால் இது அறுவைச் சிகிச்சை. மென்னண்ணம் சுற்றிலும் வட்டமாகச் சுருங்கி அடைபடுகிறவர்களுக்குப் பலன் தராது. மயக்க நிலையில் உள்நோக்கியால் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். பொருத்திய பிறகு அமைப்புகளைத் திருத்தத் தெரிந்த ஆள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அறுவை இல்லாத தம்பி எக்ஸைட்ஓஎஸ்ஏ. வாயில் வைக்கும் துண்டில் நான்கு மின்முனை, நாக்குக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. பகலில் விழித்திருக்கும்போது தினம் 20 நிமிடம், ஆறு வாரம். பிறகு வாரம் ஒருமுறை. 2021இல் எஃப்டிஏ அனுமதித்தது குறட்டைக்கும் லேசான நோய்க்கும் மட்டும்தான், அதாவது மணிக்கு 15க்குக் கீழே. தூக்கத்தில் எதையும் அளக்காது, ஆகவே அடாப்டிவ் பட்டியலில் சேராது. நாக்குக்கு உடற்பயிற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். 40 என்று அறிக்கை வந்தவர் இதை வாங்கினால் பணம் மட்டுமல்ல, ஆறு வாரமும் போகும்.

கடைசியாகக் கால்பட்டை. படுத்தால் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும் நோய்க்கு, இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் கட்டி நரம்பைத் தூண்டும் கருவி. நாக்ட்ரிக்ஸ் நிறுவனத்தின் இந்தக் கருவிக்கு எஃப்டிஏ 2023இல் அனுமதி கிடைத்தது. மின்னோட்டம் ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸில் ஓடுவதால் வலிக்குத் தோல்வழி மின்சாரம் விடும் சாதாரண டென்ஸ் மெஷின் போலச் சுருக்கென்று குத்தாமல், தசை மட்டும் மெல்ல இறுகி நிற்கும். டென்ஸ் மெஷினையே காலில் கட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். அந்தக் குத்தலே தூங்க விடாது. ஆனால் இதை விசாரிக்கும் முன் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்த்துவிடுங்கள், காலையில் வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருநாள் நிறுத்திவிட்டு. லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் முதலில் இரும்புச்சத்தை ஏற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். சிலருக்கு அத்தோடு காலாட்டம் அடங்கிவிடும், கால்பட்டையை விசாரிக்க வேண்டிய வேலையே இருக்காது.